விரிவுரை மண்டபத்தில் போன்: மென்டிமீட்டர், ஸ்லைடோ, கஹூட், கூகுள் போர்ம், பிளிக்கர்ஸ் பாவித்துப் பார்த்ததில்

விரிவுரை நடுவில் "விளங்கினதா?" என்று கேட்டால் முன்வரிசையில் நாலைந்து பேர் தலையாட்டுவார்கள், எங்கேயோ நடுவில் இருந்து ஒரு "ஓம் சேர்" வரும், மற்ற எல்லோரும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற எவருக்கும் இது தெரியும். விளங்கவில்லை என்று கையை உயர்த்திச் சொல்ல எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தே பழகவில்லை. கேட்டால் வாத்தியார் என்ன நினைப்பாரோ, பக்கத்தில் இருப்பவன் "படம் காட்டுறான்" என்று சொல்வானோ என்ற பயம் பல்கலைக்கழகம் வந்த பிறகும் விட்டுப் போவதில்லை. அதனால் யாருக்கு எது விளங்கவில்லை என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அப்போது தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் போனை வகுப்புக்குள் கொண்டுவந்தேன், மாணவரிடம் இருந்து பதில் வாங்குகிற ஐந்து கருவிகளைப் பாவித்துப் பார்த்தேன். நான் படிப்பிப்பது புள்ளிவிபரவியல், முகாமைத்துவமும் சமூக விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளைகளுக்கு; எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். சின்ன வகுப்பில் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள், பெரிய வகுப்பு நூறைத் தாண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் இலவசப் பதிப்புகளைப் பற்றித்தான், காசு கட்டிப் பாவிக்கிற வசதி இங்கே பெரும்பாலான விரிவுரையாளர்களுக்கு இல்லை. இலவசத்தின் எல்லைகளை இந்தக் கம்பனிகள் அடிக்கடி மாற்றும், ஆகவே வகுப்புக்குள் கொண்டுபோக முன் ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்டிமீட்டரில் இருந்து தொடங்குகிறேன், ஐந்திலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுவீடன் நாட்டுக் கம்பனி, ஸ்டொக்ஹோமில் இருக்கிறது. கேள்வியை முதலே செய்து வைத்துவிட்டு மல்டிமீடியாவில் திரையில் போட்டால் போதும். பிள்ளைகள் மென்டி டொட் கொம் என்று அடித்துத் திரையில் இருக்கிற இலக்கத்தைப் போடலாம், அல்லது கியூஆர் கோட்டைக் கமராவால் பிடிக்கலாம், கேள்வி அவர்கள் போனுக்கு வந்துவிடும். செயலி இறக்கத் தேவையில்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, நீங்களாகக் கேட்டால் ஒழியப் பெயரும் கேட்காது. பெயர் கேட்காததுதான் எங்கள் ஊர் வகுப்பில் எல்லாவற்றையும் மாற்றுகிறது. வாய் திறக்காத பிள்ளை முதல்முறையாக ஒரு பதில் சொல்கிறது, அது பிழையாக இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். புள்ளிவிபரச் சோதனை ஒன்றில் பி பெறுமதி (p-value) 0.03 என்று வந்தால் அதன் அர்த்தம் என்ன என்று கேட்டு, இரண்டு விடைகளை வைத்தேன். ஒன்று, சூனியக் கருதுகோள் (வித்தியாசமோ தொடர்போ ஒன்றும் இல்லை என்ற எடுகோள்) உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு 3 சதவீதம். மற்றது, சூனியக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் இப்படியோ இதைவிடத் தீவிரமாகவோ ஒரு முடிவு கிடைப்பதற்கான நிகழ்தகவு 3 சதவீதம். முதல் விடை பிழை, ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைத்தான் தெரிவுசெய்தார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் இதே வகுப்பு "ஓம் சேர், விளங்கினது" என்று சொல்லியிருந்தது. அந்தப் பிழை இந்தப் பாடத்தில் உலகம் முழுக்க இருக்கிற பிழை, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற பெரிய ஆட்களிடமும் இருக்கிறது, எனவே பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அது அந்த நிமிடத்திலேயே தெரிந்தது. பரீட்சை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படித் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிற எரிக் மசூர் 1991 இல் தொடங்கிய முறை அது. கேள்வியைக் கொடுத்து ஒவ்வொருவரையும் தனியாக விடை போடச் சொல்வார். 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடையில் ஆட்கள் சரியாகப் போட்டிருந்தால், விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு கதைத்து அவரை ஒத்துக்கொள்ள வைக்கச் சொல்வார், பிறகு திரும்பவும் வாக்கு எடுப்பார். 30க்குக் கீழே என்றால் திரும்பப் படிப்பிக்க வேண்டும், 70க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். அந்தக் காலத்தில் போன் இல்லை, அட்டைகளை உயர்த்திக் காட்டுவார்கள், பிறகு கிளிக்கர் என்று ரிமோட் போல ஒரு கருவி வந்தது, அதை மாணவர் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கருவி எல்லோர் பொக்கெற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. நான் அந்த பி பெறுமதிக் கேள்வியில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கச் சொன்னபோது மண்டபத்தில் எழுந்த சத்தத்தை அதற்கு முன் அந்த வகுப்பில் நான் கேட்டதில்லை. இரண்டாம் வாக்கில் பெரும்பாலானவர்கள் சரியான பக்கத்துக்கு வந்தார்கள். அது நான் விளங்கப்படுத்தியதால் வந்த மாற்றம் இல்லை, அவர்களுக்குள் ஒருவர் மற்றவருக்கு விளங்கப்படுத்தியதால் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை, பரீட்சைக்கு முன்னர் குப்பி வைத்து, அதாவது கூடியிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டு. அதை விரிவுரை நேரத்துக்குள் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்னக் கவனம் தேவை. மென்டிமீட்டரில் வாக்கு விழ விழத் திரையில் பட்டை உயர்ந்துகொண்டு போகும். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் பிந்திப் போடுகிறவர்கள் உயரமான பட்டையைப் பார்த்து அதற்கே போடுவார்கள். முடிவை மறைத்து வைக்கிற வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு எல்லோரும் முடித்த பிறகு திறவுங்கள். இரண்டு வாக்கு எடுக்கிறபோது இது கட்டாயம், முதல் முடிவைக் காட்டிவிட்டுக் கதைக்க விட்டால் எல்லோரும் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

குறை என்று சொன்னால் இரண்டு, இரண்டும் பெரிய குறைகள். இலவசக் கணக்கில் ஒரு மாதத்துக்கு 50 பேர்தான் பங்குபற்றலாம். ஒரு வகுப்புக்கு 50 என்று நினைக்க வேண்டாம், மாதத்துக்கே 50. முப்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் ஒருதரம் வடிவாகப் பாவித்தால் அந்த மாதத்துக்குரியது அநேகமாக முடிந்துவிடும். காசு கட்டலாம் என்றால் விலை டொலரில். 2022 இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவரை ஏறிய நாட்டில், டொலரில் மாதாந்தம் கட்டுகிற எதையும் சொந்தச் சம்பளத்தில் எடுக்கச் சொல்லி நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். பீடம் ஒன்று சேர்ந்து ஒரு கணக்கு எடுத்துப் பகிர்ந்தால் அது வேறு கதை, அதைச் செய்ய வேண்டும் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மற்றது சொல் மேகம். எல்லோரும் ஒவ்வொரு சொல் எழுத, அதிகம் வந்த சொல் பெரிதாகத் தெரியும், கூட்டங்களில் எல்லோரும் காட்டுகிற சாமான். தமிழில் அது சரியாக வேலை செய்யாது. அச்சொட்டாக ஒரே மாதிரி எழுதினால்தான் ஒன்றாகச் சேர்க்கும். ஒருவர் "மாறல்" என்று எழுதுகிறார், இன்னொருவர் "மாறல்தான்" என்கிறார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார், கடைசியில் எல்லாம் தனித்தனிச் சின்னச் சொற்களாகச் சிதறிக் கிடக்கும். வகுப்பில் பாதிப்பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தாலும் திரையில் அது தெரியாது. எனவே தமிழில் பதில் வேண்டும் என்றால் சொல் மேகத்தை விட்டுவிட்டு, திறந்த பதிலாக எழுதச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் போனின் ஆகப்பெரிய நன்மை. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்து வந்த பிள்ளை இங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறது. பாடத்தில் சந்தேகம் இருந்தாலும் அதை ஆங்கிலத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்றால் வாயே திறக்காது, பாடம் விளங்காததா மொழி விளங்காததா என்று எங்களுக்கும் தெரியாது. போனில் எழுத விட்டபோது கேள்விகள் தமிழில் வந்தன, அதுவும் நல்ல கேள்விகள், நியம விலகலுக்கும் நியம வழுவுக்கும் என்ன வித்தியாசம், ஒன்றை எப்போது மற்றதற்குப் பதிலாக எடுக்கக்கூடாது என்கிற மாதிரி. வகுப்பில் இருக்கிற சிங்கள மாணவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு, சரியாக விளங்கினேனா என்று அவர்களிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பதிலை எல்லோருக்கும் சொன்னேன். தெற்கில் இருந்து வந்து ஒரு செமஸ்டர் முழுக்க ஒன்றும் பேசாமல் பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் அவர்கள். மூன்று மொழி புழங்குகிற மண்டபத்தில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெரிய வகுப்புக்கு நான் இப்போது பாவிப்பது ஸ்லைடோ. 2012 இல் சிலோவாக்கியாவில் தொடங்கியது, பிறகு சிஸ்கோ வாங்கிவிட்டது. இலவசத்தில் ஒரு நிகழ்வுக்கு 100 பேர், 3 வாக்கெடுப்பு. ஒரு விரிவுரைக்கு மூன்று கேள்வி தாராளம், அதற்குமேல் கேட்டால் பாடம் நடக்காது. இதில் எனக்குப் பிடித்தது கேள்விப் பகுதி. ஒருவர் கேள்வி எழுதினால் மற்றவர்கள் அதற்கு விருப்பம் போடலாம், கூட விருப்பம் வாங்கிய கேள்வி மேலே வரும். இரண்டு மணித்தியால விரிவுரையில் இடைவேளை விடும்போது என் மடிக்கணினியைப் பார்த்தால் வகுப்புக்கு எங்கே தட்டுப்படுகிறது என்று வரிசையாகத் தெரியும். மென்டிமீட்டர் அளவுக்கு அழகில்லை. நூறைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஒரு போனில் போடச் சொல்கிறேன், அப்படிச் செய்வதால் கதைத்து முடிவெடுக்கிற பழக்கமும் வருகிறது.

கஹூட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நோர்வேயில் துரொன்ஹைம் நகரில் இருக்கிற பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சியில் இருந்து வந்தது, 2013 இல் வெளியானது, பாட்டும் நிறமும் புள்ளியுமாக விளையாட்டுப்போல இருக்கும். எனக்கு அது பல்கலைக்கழக வகுப்புக்குச் சரிவரவில்லை. கெதியாகப் போட்டவருக்குக் கூடப் புள்ளி என்பதுதான் அதன் அடிப்படை. யோசிக்க வேண்டிய கேள்வியில் வேகத்துக்குப் புள்ளி கொடுத்தால் பிள்ளைகள் யோசிக்காமல் அமத்துவார்கள், அந்தப் பதிலில் இருந்து எனக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. போதாததற்கு, பழைய போனும் மெதுவான சிக்னலும் வைத்திருக்கிற பிள்ளைக்குப் பாடம் தெரிந்தாலும் கீழேதான் இடம். அலகு முடிவில் மீட்டலுக்கு ஒருதரம் போடலாம், சிரிப்பார்கள், சந்தோஷப்படுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூகுள் போர்ம் எல்லோருக்கும் தெரிந்த சாமான், ஆனால் நான் அதற்குக் கொடுக்கிற வேலை வேறு. நிறுவனங்களில் செமஸ்டர் முடிவில் மாணவர் பின்னூட்டப் படிவம் கொடுப்பார்கள், தர உறுதிப்பாட்டுக்கு அது தேவை, கோப்பில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் என்ன எழுதினாலும் அதனால் வருகிற மாற்றம் அடுத்த பட்ச்சுக்குத்தான் கிடைக்கும், எழுதியவர்களுக்கு இல்லை. அது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் ஐந்துக்கு நாலு, நாலு, நாலு என்று மேலிருந்து கீழே கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். 15 வாரப் பாடத்தில் நாலாம் வாரம் ஒருதரம், எட்டாம் வாரம் ஒருதரம் கேட்டால் எழுதிய பிள்ளைக்கே பலன் கிடைக்கும். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். எது உதவுகிறது, எது கஷ்டமாக இருக்கிறது, அடுத்த வாரம் எதைத் திரும்பப் பார்க்க வேண்டும். இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டால் வீட்டில் இருந்தும் நிரப்புவார்கள், ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை.

போர்மில் ஒரு அமைப்பை மட்டும் கட்டாயம் பாருங்கள். மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை நிறுத்தி வைக்க வேண்டும். நிறுவன மின்னஞ்சலில் செய்த போர்ம் என்றால் அது தானாகவே போடப்பட்டிருக்கலாம், மாணவர் நிரப்பும்போது தங்கள் முகவரியைக் கண்டால் உண்மையை எழுதமாட்டார்கள். ஒருவர் ஒருதரம்தான் நிரப்பலாம் என்ற கட்டுப்பாட்டைப் போட்டாலும் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும், அதைப் பார்த்தும் பயப்படுவார்கள். அதை எடுத்துவிட்டால் ஒருவரே இரண்டு மூன்றுதரம் நிரப்பலாம் என்பது உண்மைதான். எனக்கு அது பரவாயில்லை, இது தேர்தல் இல்லை, புள்ளியும் இல்லை, என் பாடத்தைத் திருத்துவதற்கான தகவல். பெயரில்லாமல் வருகிற பதில்தான் எனக்கு வேண்டும்.

பெயரில்லாமல் எழுத விடுவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. எப்போதாவது ஒருவர் சக மாணவரைக் கேலி செய்து எதையாவது எழுதுவார், அது திரையில் நூறு பேருக்கு முன் வந்தால் அந்தப் பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆகவே திறந்த பதில்களை நான் ஒருபோதும் நேரடியாகத் திரையில் விடுவதில்லை. என் மடிக்கணினியில் மட்டும் பார்த்து, தேவையானதை வாசிக்கிறேன். தெரிவு விடைகள் மட்டும் திரைக்குப் போகும்.

இப்போது டேட்டா விஷயம். 2020 இல் கொவிட் வந்து பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஸூமுக்குப் போனபோது போன் இல்லாமல் படிக்கவே முடியாது என்ற நிலை வந்தது, நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். அதனால் இன்று அநேகமாக எல்லோரிடமும் ஒரு போன் இருக்கிறது. ஆனால் போன் இருக்கிறது என்பதும் மாத முடிவில் அதில் டேட்டா இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நான் படிப்பிக்கிற மண்டபம் ஒன்றில் வைஃபை முன்வரிசைக்கு வரும், பின்வரிசைக்கு வராது. அதைப் பலதரம் சொல்லியும் திருத்தவில்லை. ரீலோட் போடக் காசில்லாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது, பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே விடை போடுவதைப் புள்ளியோடும் வரவோடும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன், சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுவிடுகிறேன், அது ஒரு பத்துப் பேருக்காவது உதவும். இந்த வாக்கெடுப்புகளுக்குப் பெரிய டேட்டா போகாது, படமும் வீடியோவும் கேள்விக்குள் வைக்காமல் இருந்தால் போதும்.

டேட்டா பிரச்சினைக்கு முழுத் தீர்வு என்று சொன்னால் அது பிளிக்கர்ஸ், இங்கே இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்குக் கவலை. மாணவருக்குப் போனே தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கடதாசி அட்டை, அதில் கறுப்பாக ஒரு சதுர வடிவம், ஒவ்வொரு அட்டையிலும் வேறு மாதிரி. அட்டையின் நாலு பக்கமும் நாலு விடை, தாங்கள் தெரிவுசெய்த விடை மேலே வரும்படி திருப்பி உயர்த்திப் பிடிப்பார்கள். விரிவுரையாளர் தன் போனின் கமராவை மெதுவாக ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் கொண்டுபோனால் எல்லா விடையும் பதிவாகிவிடும். விடையைக் குறிக்கிற எழுத்து அட்டையில் மிகச் சின்னதாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன விடை என்று எளிதில் தெரியாது. அட்டைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், 40 அட்டைத் தொகுதியும் 63 அட்டைத் தொகுதியும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எந்தப் போட்டோக்கொப்பிக் கடையிலும் தடித்த தாளில் அடித்துத் தருவார்கள், ஆனால் பளபளக்கிற லமினேஷன் போட வேண்டாம், வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கமரா வாசிக்காது.

நாற்பது பேர் இருக்கிற ரியூட்டோரியல் வகுப்புக்கு இதைவிட நல்லது இல்லை. பின்வரிசையில் இருக்கிற பிள்ளையின் போனில் டேட்டா இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியதில்லை, எல்லோரும் ஒரே அட்டையோடு சமமாக இருக்கிறார்கள். பெயரில்லாமை மட்டும் முழுமையாகக் கிடைக்காது, எந்த இலக்க அட்டை யாரிடம் என்பது பதிவில் இருக்கும். நான் அட்டைகளைக் கலந்து மேசையில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், யாரிடம் எது என்று குறிப்பதில்லை, அதோடு அந்தக் கவலை முடிந்தது. எழுதிக் கேட்கிற வசதி இதில் இல்லை, தெரிவு விடை மட்டும்தான்.

போனை வகுப்பில் எடுக்கவிட்டால் பேஸ்புக் பார்ப்பார்கள் என்று மூத்த விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். பார்ப்பார்கள்தான், தடை செய்தாலும் மேசைக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். கேள்வி வரும்போது எடுங்கள், முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், பெரும்பாலும் கேட்கிறார்கள். எந்தச் செயலியை எடுத்தாலும் அதைவிட முக்கியமான வேலை விரிவுரையாளருடையது. எட்டாம் வாரம் "மாறல் பகுப்பாய்வு விளங்கவில்லை, செய்கணக்கு இன்னொன்று வேண்டும்" என்று எழுதியிருந்தால் ஒன்பதாம் வாரம் உள்ளே வந்தவுடன் அதை வாசித்து, அந்தக் கணக்கைக் கரும்பலகையில் செய்ய வேண்டும். செய்ய முடியாத ஒன்றைக் கேட்டிருந்தால், ஏன் முடியாது என்று சொல்ல வேண்டும். அப்படிச் செய்கிற வகுப்புகளில் இரண்டாம் தடவை பதில்கள் நீளமாகவும் கவனமாகவும் வருகின்றன. எழுதியதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்ட வகுப்புகளில் அடுத்த போர்மை யாரும் திறப்பதே இல்லை.

இந்தக் கம்பனிகளில் ஏதாவது ஒன்று தமிழ்ப் பதில்களை, எழுத்து வித்தியாசம் இருந்தாலும், ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிற வசதியைக் கொண்டுவந்தால் நான் அன்றைக்கே அதற்கு மாறிவிடுவேன். அதுவரை பெரிய வகுப்புக்கு ஸ்லைடோ, ரியூட்டோரியலுக்குப் பிளிக்கர்ஸ், நாலாம் வாரமும் எட்டாம் வாரமும் போர்ம். மாதத்தில் ஒரேயொரு சின்ன வகுப்புக்கு மென்டிமீட்டரை வைத்துக்கொள்கிறேன், அதுவும் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க வைக்கிற கேள்விக்கு மட்டும்.